பெயர் அறியப்படாதவன்

(உத்திரமேரூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அயல்நாட்டிற்குச் செல்லும் தமிழன் அங்கு முதன்முதலாக இழப்பது எது? உணவு என்பர் சிலர். உறவு என்பர் சிலர். வெயிலையும் வேட்டியையும் சொல்வாரும் உளர். இவையெல்லாம் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இழக்கப்படுவன. முதலிற் போவது பெயர். வானூர்தி அயல்மண்ணைத் தொடுமுன்னரே, ஏன், அவன் தன்னூரை விட்டுப் புறப்படுமுன்னரே, ஒரு படிவத்தின் இரண்டு கட்டங்களுக்கிடையே அவன் பெயர் சிக்கிக்கொள்கின்றது.

இவ்வூரையடுத்த சிற்றூரொன்றில் அறிவழகன் என்றோர் இளைஞன் இருப்பதாகக் கொள்வோம். தந்தை பெயர் முத்துக்கருப்பன். பள்ளிப் பதிவேட்டில் அவன் மு. அறிவழகன். அந்த 'மு.' என்னும் ஓரெழுத்தில் தந்தையும் அவர்தம் உழைப்பும் அடங்கியுள்ளன. அவன் கடவுச்சீட்டுப் பெற முனைகின்றான். படிவத்தில் ஒரு கட்டம் அவனுக்கே உரிய பெயருக்கு. மற்றொரு கட்டம் குடும்பப் பெயருக்கு. குடும்பப் பெயர் என்று ஒன்று அவன் வீட்டில் என்றும் இருந்ததில்லை. எனவே, முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரை அக்கட்டத்தில் இடுகின்றான்.

அன்றிலிருந்து அயல்நாட்டில் அவன் 'திருவாளர் முத்துக்கருப்பன்'. மருத்துவமனையில் அப்பெயரைக் கூவுகின்றனர், தன்னைத்தான் அழைக்கின்றனர் என்றறியாமல் அவன் அமர்ந்திருக்கின்றான், முறை தவறிவிடுகின்றது. வேலையிடத்தில் மேலாளர், "முத்துக்கருப்பன், ஏன் காலந்தாழ்ந்து வந்தாய்?" என்று கடிந்துகொள்கின்றார். ஊரில் எவரும் பெயர் சொல்லி அழைக்கத் துணியாத தந்தை, கடல் கடந்து வசை வாங்குகின்றார். வானூர்திச் சீட்டின் கட்டம் சிறிது. அதில் 'முத்துக்கரு' என்ற அளவில் பெயர் அறுந்து நிற்கின்றது. அறிவழகனின் மனைவிக்கு அவள் தந்தை பெயர். குழந்தைகளுக்கு அறிவழகன் என்னும் பெயர். ஆக, நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள்! எல்லைக் காவலர் தாளைப் புரட்டிப் பார்த்து, "இக்குழந்தை யாருடையது?" என்று பெற்றவனையே வினவுகின்றார்.

தந்தை பெயரை இடாமல் ஒற்றைப் பெயரோடு செல்வோன் நிலை இன்னும் கொடிது. கடவுச்சீட்டில் ஒரே பெயருடையவர்க்கு அமெரிக்கா நுழைவிசைவு வழங்குகையில், அவ்வொரு பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டுவிட்டு, வெறுமையான மற்றக் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என மூன்றெழுத்துகளைப் பொறிக்கின்றது. 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். பெற்றோர் தேடித் தேடி இட்ட பெயர் கண்முன் இருக்கவே, அவன் பெயர் அறியப்படாதவன் ஆகின்றான். அந்த மூன்றெழுத்தையே அவன் பெயரென்று கருதி அழைப்பாரும் உளர். 2022ஆம் ஆண்டு நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் பொறித்த கடவுச்சீட்டோடு பார்வையாளராக வருவோர்க்கு நுழைவில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் அறிவித்தன. கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அவ்விளக்கம் வருமுன் நேர்ந்த பதற்றத்தைப் புறப்பட இருந்த குடும்பங்களே அறியும்.

குடும்பப் பெயர் ஏன் இல்லை?

இவ்விடத்தில் ஒரு பொறி காத்திருக்கின்றது. "இவ்வளவு தொல்லை எதற்கு? பாட்டன் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தை அக்கட்டத்தில் இட்டுவிட்டால் எல்லாம் எளிதாகுமே" என்று அறிவுரை கூற ஆட்கள் உளர். அப்படி இட்டவர்களும் உளர்.

அன்பர்களே! தமிழனின் படிவத்தில் அக்கட்டம் வெறுமையாக இருப்பது குறையன்று. ஒரு வெற்றியின் தழும்பு. 1929ஆம் ஆண்டு பெப்ரவரியில், இவ்வூருக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில், ஊ. பு. அ. சவுந்தரபாண்டியனார் தலைமையில் தன்மான இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடிற்று. பெயரின் பின்னே சாதிப் பட்டம் இடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. வந்திருந்தோர் பலர் தத்தம் பட்டங்களை அங்கேயே துறந்தனர். அதற்கு முன்னரே, 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலனார், தம் பெயரை மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். ஒருபால் சாதி நீங்கிற்று. ஒருபால் வடமொழி நீங்கிற்று. இவ்விரண்டும் நீங்கிய பின் எஞ்சி நின்றதே, தந்தையின் முன்னெழுத்தும் தன் பெயரும் என்னும் தூய அமைப்பு. இந்நாட்டில் இரண்டு தலைமுறை முயன்று துடைத்த கறையை, அயல்நாட்டுப் படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மீண்டும் பூசிக்கொள்வதா?

பூசினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாக மாந்தரை ஏற்றிச் சென்ற கப்பல் அது. தொடர்ந்து வந்த கப்பல்களிலும் தமிழர் பல்லாயிரவர். இறங்கிய ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. எழுத்தர் காதில் விழுந்தவாறே பெயர் எழுதப்பட்டது. இன்று அந்நாட்டிலுள்ள 'பிள்ளே', 'மூட்லி', 'கோவெண்டர்' முதலான குடும்பப் பெயர்களெல்லாம் தாயகத்துப் பட்டங்கள் உருத்திரிந்தவையே. தைப்பூசமும் காவடியும் அங்கு இன்றும் உள. ஆனால், பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலமே. மொழி போயிற்று, பட்டம் நின்றது! அம்மக்களைப் பழிப்பது முறையன்று. எண்ணாக்கப்பட்டவர்கள், கையில் எஞ்சிய ஒன்றைப் பற்றிக்கொண்டனர். எது எஞ்சவேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. இன்று செல்வோர்க்கு அவ்வாய்ப்பு உண்டு.

அயலானின் அன்றாடத் தொல்லை அங்கு எத்துணை ஆழம் சென்றதென்பதற்கு மற்றொரு செய்தி. 1913ஆம் ஆண்டில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற பொருள்பட அந்நாட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. நேற்றுவரை மனைவியாக இருந்தவள், ஒரு தாளின்முன் மனைவியல்லள் ஆனாள். அதன்பின் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்ற தமிழ்ப்பெண்களுள் ஒருத்தியே தில்லையாடி வள்ளியம்மை. 1914 பெப்ரவரியில், பதினாறே அகவையில் அவள் உயிர் நீத்தாள். தில்லையாடியை நேரிற் காணாதவள், பெயரால் தில்லையாடியள் ஆனாள்.

தந்தை பெயரே போதும் என்பதற்குச் சான்று

"உலகமெல்லாம் குடும்பப் பெயர் வைத்திருக்கின்றது, தமிழன் மட்டும் ஏன் வேறுபட வேண்டும்?" என்று கேட்போர்க்கு ஒரு விடை உண்டு. வட அட்லாண்டிக் கடலில் ஐசுலாந்து என்றொரு தீவு. மக்கள்தொகை 4 இலக்கத்தை எட்டவில்லை. காஞ்சிபுர மாவட்டத்தின் மக்கள்தொகையினும் குறைவு. அம்மக்களுட் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் இல்லை. 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்பதே இரண்டாம் பெயர். தாய் பெயரை இடுவாரும் உளர். தொலைபேசி ஏட்டிலும் பெயர்கள் அவரவர் சொந்தப் பெயரின் வரிசையிலேயே அமைந்தன. புதிதாகக் குடும்பப் பெயர் பூணுவதை 1925ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தனர். அதே மக்கள்தாம், அயற்சொல்லை அப்படியே ஏற்காமல் தம் வேரிலிருந்தே புதுச்சொல் ஆக்குகின்றனர். கணினிக்கு அவர்கள் சொல் 'தொல்வா'. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் முதுமகளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்துப் படைத்தது. பெயரில் தந்தையைக் காத்த இனம் மொழியில் தாயையும் காத்தது. அவர்கள் உலகத்தோடு வணிகம் செய்யாமலில்லை, வானூர்தி ஏறாமலுமில்லை.

மலேசியத் தமிழர் பெயரிலும் இவ்வமைப்பு வாழ்கின்றது. தம் பெயர்க்கும் தந்தை பெயர்க்கும் இடையே 'மகன்' அல்லது 'மகள்' எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கத்தை இட்டு எழுதுகின்றனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை நடத்தும் மண் அது. அவ்விடைச் சொல் தமிழன்று; ஆயினும், பெயரும் தந்தை பெயரும் தம்மிடத்தில் நிற்கின்றன.

நாவும் நாளும்

பெயரை அடுத்து நா. அறிவழகன் பெயரிலுள்ள றகரமும் ழகரமும் அயலார் நாவில் ஏறா. ழகரத்தை இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதுவதால், அவர்கள் அதை வேறோர் ஒலியாகப் படிக்கின்றனர். இரண்டு கிழமை திருத்திப் பார்த்துவிட்டு அவனே சலித்து, "அரி என்றே அழையுங்கள்" என்கின்றான். அறிவும் போயிற்று, அழகும் போயிற்று, அரி வந்துவிட்டது! வேதாசலனார் அரும்பாடுபட்டு வெளியேற்றியதை அயல்நாட்டு அலுவலகம் ஒரே நாளில் உள்ளே அழைத்துக்கொண்டது.

ஏனைய தொல்லைகள் சிறியன, சிறியனவாதலின் ஓயாதன. தமிழ்நாட்டில் உண்டவன் நன்றி சொல்வதில்லை. அடுத்த வேளை உதவிக்கு முதலாளாக வந்து நிற்பான். அயல்நாட்டிலோ நீர் தந்தாலும் நன்றி, கதவு திறந்தாலும் நன்றி, சொல்லாதவன் பண்பிலான். ஆம் என்பதற்குத் தமிழன் தலையை இருபுறமும் மெல்ல அசைக்கின்றான். எதிரிலிருப்பவர் அதனை இல்லை என்று கொள்கின்றார். வீடு வாடகைக்குக் கேட்டால் வங்கிக் கணக்கு எங்கே என்கின்றனர். வங்கிக்குப் போனால் வீட்டு முகவரி எங்கே என்கின்றனர். கடுகு தாளித்தால் கூரையிலுள்ள தீயறிவிப்பான் அலறுகின்றது. பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்துகின்றனர். ஊரிற் பட்டம் பெற்று ஆசிரியராயிருந்தவர் அங்கு வண்டியோட்டுகின்றார். தேநீருக்குக் காசு எடுக்கும்போதெல்லாம் உள்ளம் அதனை உருபாவாகப் பெருக்கிப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுக்கின்றது.

1980களில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கு மாவட்டத்திற்கு ஈழத்தமிழர் பலர் சென்று மீன்பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தனர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவனே எழாத மண் அது. வெயிலைப் பழித்து வளர்ந்தவர்கள், வெயிலை நினைத்து ஏங்கினர். வளைகுடா நாடுகளிலோ வெயிலுக்குக் குறைவில்லை, உரிமைக்குத்தான் குறைவு. 'கபாலா' என்னும் பொறுப்பாளர் முறையில், அழைத்த முதலாளியின் இசைவின்றி வேறு வேலைக்கு மாற முடியாமலும் ஊர் திரும்ப முடியாமலும் நெடுங்காலம் உழன்றோர் பலர். தந்தை இறந்த செய்தி வந்தும், கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தமையால் கொள்ளி வைக்க வரமுடியாத மகன்களைத் தமிழ்நாட்டின் ஊர்கள் அறியும்.

குழந்தை பெற்றோர்க்கு மொழியாகும்போது

இவற்றையெல்லாம் தாங்கலாம். தாங்கவியலாதது ஒன்றுண்டு.

அயல்மொழியைப் பெற்றோர் கற்குமுன் குழந்தை கற்றுவிடுகின்றது. அரசு அலுவலகத்திலிருந்து மடல் வருகின்றது. பத்து அகவைச் சிறுவன் அதனைப் படித்துத் தந்தைக்குப் பொருள் கூறுகின்றான். தாய்க்கு நோய், மருத்துவமனைக்கு அச்சிறுவனே உடன் செல்கின்றான். மருத்துவர் கேட்கும் வினாக்களுள் மகன் முன்னிலையில் தாய் நாணத்தால் விடை கூறவியலாதன உள. அவள் விடையை விழுங்கிவிடுகின்றாள். மருத்துவர் கூறும் கொடிய நோயின் பெயரை அச்சிறுவன் முதலிற் கேட்கின்றான். பிறகு அதனைத் தாய்க்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்குரிய தமிழ்ச்சொல் அவனிடம் இல்லை. அவன் தாயை நோக்குகின்றான். தாய் அவனை நோக்குகின்றாள். அந்த அமைதியைவிடக் கொடிய அயல்நாடு உண்டா?

வீட்டின் தலைமை குழந்தையின் கைக்கு மாறிய பின், "தமிழ் எதற்கு?" என்று அக்குழந்தை கேட்டால், விடை கூறும் வலிமை பெற்றோர்க்கு இருப்பதில்லை. ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில் பெயரனிடம், "உண்டாயா?" என்கின்றாள். அவன் ஒரு சொல்லில் விடை கூறிக் கருவியைத் தாயிடம் தருகின்றான். பாட்டியின் பெட்டியிலிருந்த அறுபதாண்டுக் கதைகள் அக்கணமே அனைத்தும் அணைந்தன.

அயலகத் தமிழர் பலர் இதனை உணர்ந்து செயற்படுகின்றனர் என்பதும் உண்மை. கிழமையிறுதி நாள்களில் வாடகைக் கட்டடங்களில் தமிழ் வகுப்பு நடத்துகின்றனர். ஐந்துநாள் உழைத்துக் களைத்த தாய்மார் ஆறாம்நாள் அரிச்சுவடி கற்பிக்கின்றனர். கனடா நாடாளுமன்றம் 2016இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று தமிழ். முயன்றால் முடியும் என்பதற்கு இவை சான்று.

கடல் கடவாத அயலார்

இனி, கண்ணாடியைத் திருப்ப வேண்டும். தமிழ்நாட்டில் வந்து நிற்கும் அயலானைத் தமிழன் எவ்வாறு நடத்துகின்றான்?

இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயகாவும் இலால் பகதூர் சாத்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. அங்கு அவர்கள் 'இந்தியர்'. கப்பலேறித் தமிழ்நாட்டிற்கு வந்து நீலமலைச் சரிவில் குடியேறியபோது, தமிழன் அவர்களுக்கு இட்ட பெயர் 'சிலோன்காரர்'! இரு மண்ணிலும் அவர்கள் பெயர் அறியப்படாதவர்களே.

1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப்பின் வந்த ஈழத்து ஏதிலியரின் குழந்தைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ் படித்து, இங்கேயே பிள்ளை பெற்றனர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைக் கணக்கிற் கொள்ளவில்லை. 2021இல் தமிழக அரசு அவர்தம் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. நிலை மாற வேண்டுவது அதனினும் நன்று.

ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகளில் வடபுலத் தொழிலாளர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவரனைவரையும் 'இந்திக்காரன்' என்னும் ஒரு சொல்லில் அடைக்கின்றோர் உளர். அவருள் ஒடியா பேசுவோர் உளர். வங்காளம் பேசுவோர் உளர். சந்தாலி பேசும் பழங்குடியினர் உளர். எல்லா மொழியையும் விழுங்கி இந்தி என ஒரு பெயரிட முயல்வது தில்லி. அதனை எதிர்க்கும் தமிழன், அதே செயலைத் தன் தெருவிற் செய்யலாமா? இந்தித் திணிப்பைத் தடுப்பது வேறு; வயிற்றுப்பாட்டிற்கு வந்த மாந்தனை இழிப்பது வேறு. அவன் பெயரைத் திருத்தமாகக் கேட்டறிந்து அழையுங்கள். அவனுக்குப் பத்துத் தமிழ்ச்சொல் கற்றுக்கொடுங்கள். மொழிப்பற்று என்பது அதுவே.

குடத்திலிட்ட ஓலை

இவ்வூரின் பெருமை உலகறிந்தது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, அவையறியப் பெயரை உரக்கப் படித்தனர். பெயர் படிக்கப்படுவதே ஊரில் ஒருவனாவதற்கு அடையாளம்.

ஆனால், உண்மையை மறைத்தல் தமிழ்ப்பற்று ஆகாது. அன்று இவ்வூரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். குடத்துள் புகுந்தவை, காணிநிலமும் மனையும் வடமொழி மறைக்கல்வியும் உடையார் பெயர்களே. ஏர்பிடித்த தமிழுழவன் பெயர் அக்குடத்துள் புகவில்லை. அவன் கடல் கடக்கவில்லை. தன் மண்ணிலேயே பெயர் அறியப்படாதவனாக நின்றான்.

இன்று நிலை முற்றும் மாறிவிட்டதா? எண்ணிப் பாருங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகின்றது, ஆங்கிலம். முதியவர் அதனைப் பள்ளிப் பெயரனிடம் நீட்டுகின்றார். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடுமொழியாக வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, அது நிறைவேறவில்லை. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பை உழவன் பிறர் வாயால் கேட்க வேண்டியுள்ளது. நோர்வேயில் மகன் தாய்க்கு மொழிபெயர்க்கின்றான். உத்திரமேரூரிற் பெயரன் பாட்டனுக்கு மொழிபெயர்க்கின்றான். வேறுபாடு என்ன? அங்கு அவர்கள் போன அயலார். இங்கு இருந்த அயலார். நோர்வே தன் மொழியில் ஆளுகின்றது. அந்நாட்டைக் குறைகூற இயலாது. தமிழ்நாடு தன் மொழியில் ஆளப்படாமையே குறைகூறத் தக்கது.

செய்யத்தக்கவை

அயல்நாடு செல்லவேண்டா என்று எவரும் சொல்லவில்லை. கடலோடி வாணிகம் செய்த இனம் இது. செல்வோர் சிலவற்றைக் கருதிச் செல்க.

குழந்தைக்குச் சுருக்கமான, அயல்நாவும் ஒலிக்கத்தக்க தமிழ்ப்பெயர் இடுக. தமிழில் அத்தகைய பெயர்க்குப் பஞ்சமில்லை. கடவுச்சீட்டு எடுக்குமுன்னரே இரண்டாம் பெயரை முடிவு செய்க. அது தந்தை பெயராகவோ தாய் பெயராகவோ இருக்கட்டும். சாதிப் பட்டமாக ஒருபோதும் வேண்டா. முன்னெழுத்தைத் தமிழில் எழுதுக. 2021இல் தமிழக அரசும் அவ்வாறே ஆணையிட்டுள்ளது. எவரேனும் பெயரைத் தவறாக ஒலித்தால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பொறுமையாகத் திருத்துக, விட்டுக்கொடுத்துச் சுருக்காதீர். செல்லும் நாட்டின் மொழியை முனைந்து கற்க. தன் மொழியை மதிப்பவன் பிறன் மொழியையும் மதிப்பான். தாய் தன் நோயைத் தானே மருத்துவரிடம் கூறும் நாளில்தான் மகன் மீண்டும் மகனாவான். வீட்டு வாயிலுக்குள் தமிழ் தவிர வேறு மொழி வேண்டா. கிழமைக்கு ஒருமுறை பாட்டியோடு பெயரன் அரைமணியேனும் தமிழிற் பேசட்டும்.

இங்கிருப்போர்க்கும் கடமையுண்டு. வங்கியிலும் அலுவலகத்திலும் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையெனின் ஏன் இல்லையென்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பர். ஊரே கேட்டால் அச்சிடுவர்.

பெயர் என்பது ஒருவன் பெறும் முதற்சொல். அதனைத் தந்தது தாய்மொழி. அதனைத் தொலைத்தவனை எந்நாடும் அறியாது. அதனைக் காத்தவன் எந்நாட்டிலும் பெயர் அறியப்பட்டவனே.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!